ஏழு கிலோவும் நூறு ராத்தலும்

போன மாதம் எங்கள் ஸ்டோரில் பொயிலருக்குப் புது கேஜ் மாட்டியிருக்கிறார்கள். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மடுல்சீமைப் பக்கத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இந்த கேஜுக்கு முள் கிடையாதாம். பச்சை வெளிச்சத்தில் எண் மட்டும் தெரியுமாம். பக்கத்தில் ஒரு பொத்தான். ஒரு தரம் அமுக்கினால் ஆவியின் அழுத்தத்தை ராத்தலில், அதாவது பவுண்டில், காட்டும். இன்னொரு தரம் அமுக்கினால் கிலோ. மறுபடியும் அமுக்கினால் 'பார்' என்று இன்னொரு அளவு. இப்போது பொயிலரில் நிற்கிற இரண்டு பேர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னங்கடா சிரிப்பு?"

"இல்லங்கய்யா, ராத்தல் கணக்குல நீங்க ஒரு தடவ ஸ்டோரயே மேல தூக்கப் பாத்தீங்களாமே?"

எனக்கு எழுபது நெருங்குகிறது. இந்த உலகத்தில் யார் யார் மேல் பொறாமைப்பட வேண்டுமோ எல்லோர் மேலும் பட்டு முடித்துவிட்டேன் என்று நிம்மதியாக இருந்தேன். அன்றைக்கு ஒரு பொத்தான் மேல் பொறாமை வந்தது. நான் பாதி ஆயுளைக் கொடுத்துக் கற்றுக்கொண்டதை அது ஒரு அமுக்கில் செய்கிறது.

அதனால், மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நான் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள். பொய் இருந்தால் என்னைக் கேளுங்கள்.

மூன்றாம் வகுப்பு வரை படித்தவன் என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் இரண்டாம் வகுப்பைத்தான் இரண்டு தடவை படித்தேன். இரண்டும் இரண்டும் நாலு. தற்பெருமை வேண்டாம் என்று ஒன்றைக் குறைத்துச் சொல்கிறேன்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து பொயிலர் வரைக்கும் வந்த கதை பெரிதில்லை. கொழுந்துச் சாக்கு தூக்கினேன். விறகு பிளந்தேன். பிளந்த விறகைப் பொயிலர் வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு நாள் உள்ளே போடுகிற ஆள் வரவில்லை, நானே உள்ளே போட்டேன். அப்புறம் என்னை வெளியே அனுப்ப எல்லோரும் மறந்துவிட்டார்கள். இருபது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

காலையில் பொயிலர் மூட்டுவது பூசை மாதிரி, முறை தப்பக் கூடாது. முதலில் தண்ணீர்க் கண்ணாடி. அதன் அடிக்குழாயைத் திறந்தால் கண்ணாடியில் நிற்கிற தண்ணீர் சளக்கென்று இறங்க வேண்டும். மூடினால் மறுபடி ஏற வேண்டும். ஏறாவிட்டால் தீக்குச்சியைத் தொடக் கூடாது. அப்புறம் காற்றுக் கதவு. அப்புறம் சுள்ளி, அது பிடித்த பிறகு கட்டை. அறுபது ராத்தல் வந்ததும் மேலே போகிற குழாயை நூல் அளவு திறக்க வேண்டும். அவசரப்பட்டு முழுதாகத் திறந்தால் குழாய்க்குள் யாரோ சம்மட்டி போடுகிற மாதிரி சத்தம் கேட்கும். நூறு ராத்தலில் நிறுத்தி வைக்க வேண்டும். அந்தச் சூட்டில்தான் தேயிலை காய்கிற டிரையர் சரியாக ஓடும். நூற்றிருபதில் சேப்டி வால்வு தானாகத் திறந்து ஆவியைக் கக்கிவிடும்.

நூறு ராத்தல் என்றால் எதன் மேல் நூறு ராத்தல் என்று இருபது வருடத்தில் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பொயிலருக்குள் ஆவி ஒரு நூறு ராத்தல் மூட்டையாக உட்கார்ந்திருக்கிறது என்றே நினைத்திருந்தேன். யாரும் கேட்காததால் நானும் அறிவாளியாகவே இருந்தேன்.

எங்கள் டீ மேக்கர் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோருக்கு அவர்தான் பெரியவர். ஒல்லியான ஆள், குரல் உயர்த்த மாட்டார். ஒரு நாளைக்கு மூன்று தடவை பொயிலருக்கு வருவார். முதலில் தண்ணீர்க் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டுவார். கேஜுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "எவ்ளோ?" என்பார். நான் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். ஆள் சொல்வதும் முள் சொல்வதும் ஒன்றாக இருந்தால் "ம்" என்று போய்விடுவார். அந்த ஒரு "ம்"முக்காக நான் காலையிலிருந்து காத்திருப்பேன். சந்தோசமாக இருந்தால் என்னை "டேய் வேலு" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். "வேலு, நீங்க கொஞ்சம் இங்க வர்றீங்களா?" என்று கேட்டார் என்றால் முடிந்தது, அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் சீலன் வந்தான்.

சீலன் வெளியாள் இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எட்டாம் காம்பரா, எட்டாவது அறை, அவன் வீடு, ஒன்பதாவது என்னுடையது. நடுவில் ஒரு செங்கல் சுவர். நான் இரண்டாம் வகுப்பை இரண்டாம் தடவை படித்துக்கொண்டிருந்தபோது அவன் என்னைத் தாண்டிப் போனான். அப்படியே பதுளைக்குப் போய்ப் பெரிய வகுப்பெல்லாம் படித்து, தொழில் படிப்பும் ஒன்று படித்துவிட்டு, அங்கே இங்கே வேலை பார்த்து, நாற்பது வயதில் எங்கள் பொயிலருக்கே வந்து சேர்ந்தான். காலை வேலை எனக்கு, மதியம் இரண்டு மணிக்கு மேல் அவனுக்கு.

சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பான். பொயிலருக்கு எதற்குப் பேனா? என் மனைவி பாக்கியம்கூட அவனைப் பற்றிப் பேசும்போது குரலை மாற்றுவாள்.

"சீலண்ணன் சொல்லிச்சு, கரண்ட் பில்லுல ஏதோ தப்பாம், எழுதிக் குடுக்குதாம்."

"ஏன், நான் எழுதிக் குடுக்க மாட்டேனா?"

"ஒங்களுக்கு எழுதத் தெரியுமா?"

"அது வேற விசயம். கேட்டியா நீ என்னைய?"

"நல்ல வயித்தெரிச்சல்தான் ஒங்களுக்கு. பொயிலர்ல விறகு எதுக்கு? ஒங்க வயித்து மேல தண்ணிய வச்சாலே கொதிச்சிரும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கு அவன் மேல் எல்லாப் பொறாமையும் இருந்தது. இன்றைக்கும் பதுளை ஆஸ்பத்திரியில் என் ரத்த அழுத்தம் நூற்றறுபது என்கிறார்கள். அவனுக்கு நூற்றிருபதாம். அதுவும் ஒரு பொறாமை. முதல் தடவை டாக்டர் நூற்றறுபது என்று சொன்னபோது, "எங்க பொயிலரே நூத்தியிருபதுல வால்வ தொறந்துரும் டாக்டரய்யா, நான் எப்பிடி இன்னும் வெடிக்காம இருக்கேன்?" என்று கேட்டேன். அது பாதரசக் கணக்கு, வேறு அளவு என்றார். உலகத்தில் ஒரு அழுத்தத்தை ஒரே மாதிரி சொல்வதென்று யாருக்கும் எண்ணமில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். பொயிலருக்கு ஒரு ஹெட் போடுவது என்று தோட்டத்தில் முடிவானது. ஒருவன் ஹெட், மற்றவன் அவனுக்குக் கீழே. டீ மேக்கர் ஐயா ஒரு பேரைத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கொடுக்க வேண்டும். அந்த மாத முடிவுக்குள் கொடுப்பார் என்று பேச்சு. இருபது வருடம் நின்றவன் நான். பேனா வைத்திருப்பவன் அவன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் விடுகிற குறட்டை கேட்கும். தூங்குகிறானே என்று அதற்கும் எரிச்சல்.

அந்த வாரம் பார்த்துப் பழைய கேஜின் முள் எண்பதில் ஒட்டிக்கொண்டது. தட்டினாலும் அசையவில்லை. பொயிலரை நிறுத்திவிட்டு, பதுளைக்குப் போய்ப் புதிது வாங்கி வரும்படி டீ மேக்கர் ஐயா என்னிடம் சொன்னார்.

"டேய் வேலு, நூறு ராத்தல் வேலைக்கு ஒத்து வர்ற மாதிரி பாத்து வாங்கிட்டு வா."

என்னிடம்! சீலனிடம் இல்லை. பஸ்ஸுக்குப் போகும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. சீலன் பின்னால் ஓடி வந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான்.

"வேலு, இப்ப வர்றதெல்லாம் கிலோ கேஜ்தான். பதினாறு கிலோ வரைக்கும் உள்ளது கேளு. இதுல எழுதியிருக்கேன், கடையில காட்டு."

"எனக்கு வாய் இருக்கு. சீட்டு எதுக்கு?"

"வச்சுக்கடா, சும்மா."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ் மடுல்சீமையை விட்டு இறங்க இறங்க என் மூளை ஏறியது. பதினாறு கிலோவா? எங்கள் தோட்டத்தில் பிறந்தவனுக்கு வேறு எந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் கிலோ, ராத்தல் கணக்கு தெரியும். கொழுந்து நிறுக்கிற தராசு கிலோவுக்கு மாறிய பிறகும் எங்கள் பொம்பளைகள் கிலோவை இரட்டித்து, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, ராத்தலாக்கிப் பார்த்துதான் கணக்கப்பிள்ளையோடு சண்டைக்குப் போவார்கள். பத்துக் கிலோ என்றால் இருபத்திரண்டு ராத்தல். அப்படியானால் பதினாறு கிலோ? இரட்டித்தால் முப்பத்திரண்டு. கூட்டினால் முப்பத்தைந்து.

முப்பத்தைந்து ராத்தல் கேஜை நூறு ராத்தல் பொயிலரில் மாட்டினால் என்ன ஆகும்? முள் ஓடிப் போய் முட்டி உடையும். டீ மேக்கர் ஐயா என்னை "நீங்க" என்பார். சீலன் ஹெட் ஆவான். அடப்பாவி, இதற்குத்தான் சீட்டா! பசறைக்கு மேலே ஒரு வளைவில் சீட்டை ஜன்னல் வழியாக விட்டேன். தேயிலைச் செடிகள் மேல் வெள்ளைப் பட்டாம்பூச்சி மாதிரி பறந்து போனது. எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

பதுளையில் கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். தோட்டத்து ஆட்களைப் பல வருடம் பார்த்தவர்.

"நானா, பொயிலர் கேஜ் வேணும். நூறு ராத்தல் வேல."

"ராத்தல் போட்டது இப்ப வாறல்ல தம்பி. எல்லாம் கிலோ. இந்தா, பதினாறு. தோட்டத்து ஆக்கள் இதத்தான் எடுக்கிற."

அவரும் பதினாறு என்கிறார்! சீலன் இவருக்கும் சொல்லி வைத்துவிட்டானா என்றுகூட நினைத்தேன். பொறாமை வந்துவிட்டால் பதுளை மடுல்சீமைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

"இது பத்தாது நானா. பெருசா குடுங்க."

"பெருசு எழுபது இருக்கு. அது லொறி தூக்கிற ஜாக் வேலைக்கு எடுக்கிற. ஒங்களுக்கு எதுக்கு?"

எழுபதை இரட்டித்தேன், நூற்று நாற்பது. கூட்டினேன், நூற்றைம்பத்து நாலு. பழைய கேஜும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"எங்க பொயிலர் பெருசு நானா. அதையே கட்டுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அப்புறம் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஃபிட்டர் கேஜை மாட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். டீ மேக்கர் ஐயா மேல் மாடியில் கொழுந்து வாட்டுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார். முந்தின நாள் ஸ்டோர் நின்றதால் கொழுந்து மலையாகக் குவிந்திருந்தது. நான் தண்ணீர்க் கண்ணாடி பார்த்து, காற்றுக் கதவு பார்த்து, முறை தப்பாமல் தீ மூட்டினேன். நூறு ராத்தலுக்கு நாற்பத்தைந்து கிலோ வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

முள் எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. மூன்றுக்கு வந்தது, ஐந்துக்கு வந்தது. ஐந்து கிலோ, பதினொரு ராத்தல். டிரையர்காரன் ஆவி கேட்டான், கொடுத்தேன். இருபது வருடப் பொயிலருக்கு வயதாகிவிட்டது, விறகும் ஈரம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கட்டைக்கு மேல் கட்டையாகத் தள்ளினேன். பொயிலரின் முனகல் எனக்குத் தெரிந்த முனகலாக இல்லை. காது ஒன்று சொன்னது, முள் ஒன்று சொன்னது. நான் முள்ளை நம்பினேன். நானே தேர்ந்தெடுத்து வாங்கிய முள் அல்லவா? பதிவுப் புத்தகத்தில் அரை மணிக்கு ஒரு தரம் என் கோழிக்கிறுக்கலில் எழுதினேன். பதினொன்று, பதிமூன்று, பதினைந்து.

மதியம் ஒரு மணிக்கு மேல் சேப்டி வால்வு திறந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. ஸ்டோர் முழுக்க ஆவி சீறி, தகரக் கூரை அதிர்ந்தது. கேஜைப் பார்த்தேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் முள். பத்தொன்பது ராத்தல்கூட இல்லை. நூற்றிருபதில் திறக்க வேண்டிய வால்வு பத்தொன்பதில் திறக்கிறதா? ஸ்பிரிங் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பொயிலர் மேலே போகிற ஏணியில் ஏறினேன். வால்வின் தலையில் இருக்கிற நட்டை இரண்டு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும். ஹெட் ஆகப்போகிறவன் இதற்குக்கூட ஆள் கூப்பிடுவானா?

பாதி ஏணியில் கீழேயிருந்து சத்தம் வந்தது.

"வேலு! எறங்குடா!"

சீலன். இரண்டு மணி வேலைக்கு வந்துகொண்டிருந்தவன், வால்வுச் சத்தம் கேட்டுப் பாதையிலிருந்தே ஓடி வந்திருக்கிறான். மூச்சு வாங்கியது.

"ஸ்பிரிங் போச்சு சீலா. இறுக்கப் போறேன்."

"ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. நூத்தியிருபது தாண்டிருச்சு, அதான் தொறந்திருக்கு."

"முள்ள பாரு! எட்டர கிலோ. பத்தொம்பது ராத்தல்."

"ரெண்டால பெருக்கக் கூடாதுடா, அது கொழுந்து கணக்கு. பதினாலால பெருக்கணும்."

"ஒரு கிலோ பதினாலு ராத்தலா? எந்த ஊர்ல? ஒங்கம்மாவுக்குக் கணக்கப்பிள்ளை அப்பிடியா எழுதினாரு?"

"வேலு, சொல்றதக் கேளு."

"ஒனக்கு எடம் வேணும்னா நேரா கேளு. என்னைய முட்டாளாக்கி வாங்காத!"

அவன் என்னை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் ஏணிக்குப் பக்கத்தில் வந்து, பொயிலருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"சரி, இறுக்கு. நானும் இங்கயே நிக்கிறேன். ரெண்டு பேரு வீடும் பக்கத்துப் பக்கத்துலதான். எழவுக்கு ஒரே பந்தல் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பேனரோடு ஏணியில் தொங்கிக்கொண்டு சிரித்தேன். சிரித்த மறுகணமே வயிறு எரிந்தது. ஸ்டோரில் இப்படிப் பேசுகிறவன் நான்தான். நக்கலுக்கு என்று ஒரு ஆள் உண்டென்றால் அது வேலுதான் என்று எல்லோரும் சொல்வார்கள். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல ஒரு நக்கலை, அதுவும் என் சாவைப் பற்றி, அவன் சொல்லிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து டிரையர் பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"வேலண்ணே! தேயில கருகுது! சூட்டக் கொற!"

பத்தொன்பது ராத்தல் ஆவியில் தேயிலை காயவே காயாது. கருகுவது எப்படி? சீலன் சொன்ன கணக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் கருகின வாசனைக்கு மூன்றாம் வகுப்பு தேவையில்லை. இறங்கினேன். சீலன் காற்றுக் கதவை அடைத்து, விறகை நிறுத்தி, தண்ணீர்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் வால்வு தானாக மூடிக்கொண்டது. ஸ்டோர் அமைதியானது. அப்போதுதான் என் கையில் ஸ்பேனர் இன்னும் இருப்பதைப் பார்த்தேன். சீலன் அதை வாங்கிப் பெட்டிக்குள் போட்டான்.

அப்புறம் ஒரு கரித்துண்டை எடுத்துச் சுவரில் ஒரு சதுரம் போட்டான்.

"இது ஒரு அங்குலம். பழைய கேஜ்ல ராத்தல் உக்காந்திருந்தது இவ்ளோ எடத்துக்கு மேல. இப்ப ஒஞ் சுண்டுவிரல் நகத்தப் பாரு. சுமார் ஒரு சென்டிமீட்டர் சதுரம். புது கேஜ்ல கிலோ உக்காந்திருக்கிறது அந்த நகத்து மேல. இந்த அங்குலத்துக்குள்ள எத்தன நகம் கொள்ளும்?"

கோடு போட்டுக் காட்டினான். எண்ணினேன். "ஆறு. இன்னும் அர."

"ஒரு நகத்துக்கு ஒரு கிலோன்னா அங்குலத்துக்கு?"

"ஆறர கிலோ."

"அத ராத்தலாக்கு. அது ஒனக்குத் தெரிஞ்ச கணக்குதானே."

இரட்டித்தேன், பதின்மூன்று. கூட்டினேன், பதினாலு. அவன் விடவில்லை.

"ஏழு கிலோவுக்கு?"

"நூறு," என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஏற்பட்ட வலி பல் பிடுங்கியபோதும் ஏற்படவில்லை.

டீ மேக்கர் ஐயா கை நிறையக் கருகின தேயிலையோடு வந்தார். கேஜுக்கு முதுகைக் காட்டி நிற்கவில்லை. நேராகப் போய் எழுபது என்று போட்டிருந்ததைப் படித்தார். பதிவுப் புத்தகத்தைத் திறந்து என் பதினொன்று, பதிமூன்று, பதினைந்தைப் பார்த்தார்.

"என்ன நடந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சீலன் சொன்னான். "கேஜ் நமக்கு ஒத்து வராதுங்கய்யா. பெரிய அளவு, முள்ளே ஏற மாட்டேங்குது. வால்வு நல்லா வேல செஞ்சிச்சு. பயப்பட ஒண்ணும் இல்ல. மாத்திரலாம்."

ஏணியைச் சொல்லவில்லை. ஸ்பேனரைச் சொல்லவில்லை. சீட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஐயா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் தப்பித்துவிட்டேன். கடைக்காரர் தலையில் பழியைப் போட்டால் ஹெட் இடம்கூட இன்னும் எனக்குத்தான் கிடைக்கலாம். சந்தோசப்பட வேண்டியவன் விறகுக் கட்டை மேல் உட்கார்ந்து புழுங்கினேன். படிப்பு அவனுக்கு. பேனா அவனுக்கு. கணக்கு அவனுக்கு. பந்தல் நக்கலும் அவனுக்கு. இப்போது காட்டிக்கொடுக்காத நல்லவன் என்கிற பேரும் அவனுக்கே. அவன் என்னைப் போட்டுக்கொடுத்திருந்தால் ஆசை தீரத் திட்டியிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை. எல்லாவற்றையும் ஒருத்தனே எடுத்துக்கொண்டால் மற்றவன் எப்படிப் பிழைப்பது?

எழுந்து டீ மேக்கர் ஐயாவின் ருசி பார்க்கிற அறைக்குப் போனேன். வரிசையாகக் கோப்பைகள் வைத்து ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டிருந்தார்.

"ஐயா, சீலன் பாதிதான் சொன்னான்."

மீதியை நான் சொன்னேன். சீட்டு, ஜன்னல், எழுபது, கொழுந்துக் கணக்கு, ஏணி, ஸ்பேனர், எல்லாம். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவன்தான் சொல்லலையே. நீங்க ஏன் வந்து சொல்றீங்க?"

"அதுதாங்கய்யா பொறுக்கல."

"எது பொறுக்கல?"

"அவன் ஒருத்தனே நல்லவனா இருக்கிறது."

ஐயா அடுத்த கோப்பையை எடுத்து உறிஞ்சினார். வாயில் தேயிலைச் சாயம் இருந்தது. துப்பவில்லை, விழுங்கிவிட்டார். அப்படி விழுங்கி நான் பார்த்ததே இல்லை.

"வயித்தெரிச்சல்ல உண்மைய சொல்ற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றார். "நாளையில இருந்து சீலன் ஹெட். நீங்க அவனுக்குக் கீழ. அந்த வால்வ நீங்க தொடக் கூடாது. இப்ப ரெண்டு பேருமா போயி கேஜ மாத்திட்டு வாங்க."

பதுளை வரைக்கும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம். கடைக்கார நானா பதினாறைக் கட்டிக்கொண்டே, "பொயிலர் சிறுத்துட்டோ தம்பி?" என்று கேட்டார். சீலன் கடை வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது எனக்குத் தெரியும்.

ஹெட் ஆனதும் சீலன் செய்த முதல் வேலை, கேஜுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியது. ஐந்து கிலோ எழுபத்தொன்று, ஆறு எண்பத்தைந்து, ஏழு நூறு, எட்டு நூற்றுப் பதினாலு. நாலே வரி. எனக்காகத்தான் ஒட்டினான். சொல்லவில்லை, ஆனால் எனக்காகத்தான். ஒவ்வொரு நாளும் முள்ளைப் பார்த்து, அவன் எழுத்தைப் பார்த்து, அப்புறம்தான் விறகு போடுவேன். அவன் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பொயிலரையே பார்க்கிற மாதிரி இருக்கும்.

சில வருடம் கழித்து அவன் மகள் கலியாணத்துக்கு இரண்டு வாரம் லீவில் போனான். அந்த நேரத்தில் ஆவி பட்டுத் தாள் உரிந்து விழுந்தது. நானே எழுதுவது என்று முடிவு செய்தேன். நான்கு நாள் ஆனது. நாலு வரி இல்லை. ஒன்றிலிருந்து பத்து வரைக்கும், நடுவில் அரைக் கிலோக்களும் சேர்த்து எழுதினேன். நகத்தை வைத்து அங்குலம், அங்குலத்தை வைத்து ராத்தல் என்று ஒவ்வொன்றையும் புதிதாகப் போட்டேன். ஆறரைக் கிலோ தொண்ணூற்றிரண்டு. ஏழில் சிவப்புக் கோடு, எட்டரையில் இரண்டு சிவப்புக் கோடு. எழுத்து கோழிக்கிறுக்கல்தான், ஆனால் பெரிய கோழி. தூரத்திலிருந்தே தெரியும். பாக்கியம் அரிசிப் பசை காய்ச்சிக் கொடுத்தாள்.

சீலன் திரும்பி வந்த அன்று டீ மேக்கர் ஐயா பொயிலருக்கு வந்தார். தாளைப் பார்த்தார். கிட்டே போய்ப் படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தாங்கய்யா."

"அரக் கிலோ எல்லாம் போட்டிருக்கே. இதுதான்டா சரி. மொதல்ல இருந்தே இப்பிடி இருந்திருக்கணும்."

போய்விட்டார். சீலன் தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். ஆறரையைத் தேடினான், மனதுக்குள் பெருக்கினான், சரியாக இருந்தது. ஏழரையைத் தேடினான், அதுவும் சரி. அவன் முகத்தில் ஒன்று ஓடியது. ஒரு நொடிதான். கன்னம் கொஞ்சம் இறுகி, உதடு சிரிக்கப் பார்த்து முடியாமல் நின்றது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடத்துக்கு மேல் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்.

"நல்லாத்தான் இருக்கு," என்றான்.

"ஏன் இழுக்குற?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு எனக்குக் கறி தேவைப்படவில்லை. வெறும் சோற்றை இரண்டு தட்டு தின்றேன். என்ன கிடைத்தது என்று பாக்கியம் கேட்டாள். சொன்னால் புரியாது என்றேன்.

மறுநாள் காலையில் போனால் என் தாள் இருந்த இடத்தில் புதுத் தாள். சீலன் என்னுடையதை எடுத்துவிட்டு அவனுடையதை ஒட்டியிருந்தான். அரைக் கிலோ, கால் கிலோ எல்லாம் இருந்தது. கிலோ ஒரு வரிசை, ராத்தல் ஒரு வரிசை. அதற்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு வரிசை. ஏழுக்கு நேரே அறுநூற்று எண்பத்தாறு.

"இது என்னடா?"

"கிலோபாஸ்கல்," என்றான் பேனாவை மூடிக்கொண்டே. "இனி எல்லாம் அதுலதான் வரும். ஒனக்கு எதுக்கு அது?"

எப்படிப் போடுவது என்று அவனிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் செத்தாலும் என் வயிறு ஆறாது. பசறையில் ஒரு கணக்கு வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் டியூஷன் சொல்லிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் ஏறினேன், கையில் கணக்கு எழுத ஒரு கொப்பியும் மகளின் பென்சிலுமாக.